'வாரேன்' என்று சொல்லிப் போன முப்பத்தொரு பேர்

1. சாம்பார் வராத பந்தி

என் பெயர் ஆரோக்கியசாமி. மதுரையில் கேட்டரிங் தொழிலில் இருக்கிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'பத்துமா அண்ணன்' என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். சாம்பார் பத்துமா, இலை பத்துமா, பாயாசம் பத்துமா என்று கேட்டுக்கொண்டே திரிந்ததால் வந்த பெயர். எட்டாம் வகுப்பில் கணக்கில் தேறாமல் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நான் செய்த வேலை கணக்குதான். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை இலை போடவேண்டும் என்கிற கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணம். எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. முதல் இரண்டு பந்தி நன்றாகப் போனது. மூன்றாம் பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். இலையில் சோறு விழுந்துவிட்டது. சாம்பார் வாளி வரவில்லை. சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அண்டாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் காண்ட்ராக்டர் ஸ்டோர் ரூமுக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நாற்பது இலையிலும் வெள்ளைச் சோறு. பெண்ணைப் பெற்றவர் பந்தியின் கோடியில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெரியவர்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏப்பா தம்பி, சோத்த வெறும்வாயில மெல்லுறதுக்கா எங்களக் கூப்பிட்டீக?"

நிறைந்திருந்த டம்ளரிலேயே மறுபடி தண்ணீர் ஊற்றினேன். அது வழிந்து அவர் இலைக்குள் ஓடியது.

அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவே இல்லை. இப்போது நான் விருந்தாளியாகப் போகிற கல்யாணங்களில்கூட, வேலைக்கு வரும் தம்பிகள் "எதுக்குண்ணே இம்புட்டுப் பதறுறீக?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயந்தது பற்றி மட்டும் இல்லை. பயந்தது ஒரு நாள் நடந்தே விட்டது. அது பற்றியும்தான்.

2. யார் வருவார், யார் வரமாட்டார்

பந்தி சூப்பர்வைசர் ஆன பிறகு நான் பழகிக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. கல்யாண வீட்டுக்காரர்கள், "ஆயிரம் பத்திரிகை வச்சிருக்கோம், எல்லாரும் வாரேன்னு சொல்லிட்டாக" என்பார்கள். நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். யார் எப்படிச் சொன்னார்கள் என்று கேட்பேன்.

'கண்டிப்பா வாரேன்' என்றவர் வரமாட்டார். 'குடும்பத்தோட வந்துருறோம்' என்றால் அந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு ஆள் மொய்க் கவரோடு வருவார், சாப்பிடாமல் போவார். 'முகூர்த்தம் எத்தனை மணிக்கு?' என்று கேட்டவர் வருவார். 'மண்டபத்துல கார் விட எடம் இருக்கா?' என்று கேட்டவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒன்றுமே சொல்லாமல் பத்திரிகையைப் பிரித்து மண்டபம் எங்கே என்று பார்த்தவர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் கடைசி இலை எடுக்கிறவரை சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பந்தி நடக்கும்போது நான் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. எல்லாரும் போன பிறகு நின்றபடியே ஒரு கை மோர்ச் சோறு. அவ்வளவுதான்.

போன வருஷம் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டேன். பதட்டம் மட்டும் வேலையை விடவில்லை.

3. வந்ததும் 'போ'

ஒரு புதன்கிழமை ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். எங்கள் குழுவில் காய் வெட்டுகிற பெண்களுக்கெல்லாம் தலைவியாக இருந்தவர். ஒத்தக்கடையைத் தாண்டி திருவாதவூர் ரோட்டில் குடியிருக்கிறார்.

"பத்துமா, எங்க தெருவுல ஒரு வியட்நாம் புள்ள வீட்டுலயே ஓட்டல் நடத்துது. ஞாயித்துக்கெழம மத்தியானம் மட்டுந்தேன். அடுத்த வாரத்தோட நிறுத்தப் போறேங்குது. அதுக்குள்ள இந்த வாரம் போய்த் தின்னுட்டு வந்துருவோம். மொக்கராசுகிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏன்க்கா நிறுத்துறாக? சாப்பாடு சரியில்லையோ?"

"அது தெரிஞ்சா ஒன்னய எதுக்குக் கூப்பிடுறேன்? வா பேசாம."

மூன்று நாள் யோசித்தேன். வியட்நாமில் என்ன சாப்பிடுவார்கள்? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? சாப்பிட முடியவில்லை என்றால் அந்தப் பெண் மனசு என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது என் பைக்குள் ஓமவாட்டரும் இரண்டு பன்னும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொக்கராசு பையைத் திறந்து பார்த்துவிட்டான்.

"என்ன மாப்ள, ஆஸ்பத்திரிக்கா போறோம்?"

மொக்கராசு சமையல் மாஸ்டர். எனக்கு மாப்ள முறை ஒன்றும் கிடையாது, பழக்கத்தில் அப்படித்தான். பிரியாணியில் கையெழுத்துப் போடுகிறவன். அவனிடம் ஒரு குணம் உண்டு. இன்னொருவர் சமையலை நன்றாக இருக்கிறது என்று சொன்னதே இல்லை. எந்த வீட்டில் என்ன சாப்பிட்டாலும், "பரவால்ல" என்பதோடு சரி.

சின்ன வீடு. முன் ஹாலில் இரண்டு மேஜை. சன்னல் வழியாக யானைமலை முழுசாகத் தெரிந்தது. அந்தப் பெண் பெயர் லான். முப்பத்தைந்து வயது இருக்கும். சுடிதார்மேல் ஏப்ரன், தலையில் ஒரு முழம் மல்லிகை. அவள் புருஷன் செல்வம் திருவாதவூர்க்காரன். கூலி வேலை பார்த்த குடும்பத்தில் ஐ.டி.ஐ. படித்து, வியட்நாமில் செருப்புக் கம்பெனிக்கு மெஷின் மெக்கானிக்காகப் போனவன். அங்கே ஒன்பது வருஷம் இருந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, இந்த வருஷம்தான் ஊருக்குத் திரும்பியிருக்கிறான். இப்போது ஆம்பூர்ப் பக்கம் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவானாம்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். அண்ணே என்று அவள் சொன்னது நம் ஊர்ப் பெண் சொல்வது போலவே இருந்தது. "எங்க ஊர்லயும் அண்ணன்னா 'ஆன்'தான். அதனால எனக்கு முதல்ல வந்த தமிழ் அதுதான்" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள். "முதல்ல ஃபோ?"

மொக்கராசு எழுந்துவிட்டான். "என்ன தங்கச்சி, இப்பத்தேன் உக்காந்தோம். அதுக்குள்ள போங்குற?"

ஃபோ என்பது நூடுல்ஸ் போட்ட சூப்பின் பெயர். அவள் விளக்கிச் சொன்னதும் ஸ்டெல்லா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "மானத்த வாங்காத. உக்காரு."

ஃபோவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, லான் முதலில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள் கொண்டுவந்தாள். புதினா, மல்லித்தழை, கூடவே பூ மார்க்கெட்டில் மாலையில் வைத்துக் கட்டுவார்களே, அந்தத் திருநீற்றுப் பச்சிலை. எனக்குச் சாமி கும்பிடுகிற இடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்னொரு தட்டில் வெள்ளையாய், வட்டமாய், கண்ணாடிபோல ஒரு அடுக்கு. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். வேகவைத்த இறால், கேரட், வெள்ளரிக்காய்.

மொக்கராசு வட்டத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். விரலால் சுண்டினான். முகர்ந்தான். பிறகு என் காதில் சொன்னான். "மாப்ள, பாவம், பதட்டத்துல அப்பளத்தப் பொரிக்காமக் கொண்டாந்து வச்சிருச்சு. காட்டிக்கொடுக்காத. நான் பார்த்துக்கிறேன்."

நான் தடுப்பதற்குள் தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டான். எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. பிறகு லானின் குரல், "அண்ணே, அண்ணே, வேண்டாம், அது..." பிறகு ஒரு பெரிய சிரிப்பு. இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். மொக்கராசு கையில் பூப்போல விரிந்து தலையணை மாதிரி உப்பிய அப்பளங்கள், லான் கையில் எண்ணெயிலிருந்து தப்பிய மிச்ச அடுக்கு.

அது அப்பளம் இல்லையாம். அரிசித்தாளாம். தண்ணீரில் நனைத்து, இலையும் இறாலும் வைத்துச் சுருட்டிச் சாப்பிடவேண்டுமாம்.

"எங்க ஊர்லயும் சிலது பொரிப்போம். ஆனா இதை இப்படிப் பொரிக்கணும்னு எனக்குத் தோணல" என்றாள் லான். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு!"

"பின்ன? மொக்கராசு கை" என்றார் ஸ்டெல்லா அக்கா. அதற்குள் அவர் சாப்பிடுவதற்காக மேஜையில் வைத்திருந்த இரண்டு குச்சிகளை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தார். "எங்களுக்குக் கையே போதும் புள்ள. இது இங்கன பத்திரமா இருக்கட்டும்."

நான் முதல் அரிசித்தாளை ரொம்ப நேரம் ஊறவிட்டேன். கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து எடுத்தேன், கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. லான் என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கண்ணே, சும்மா முக்கி எடுங்க" என்றாள். மூன்றாவது சரியாக வந்தது. கடித்தேன். புதினா, இறால், புளிப்பும் உறைப்புமாக ஏதோ ஒரு தண்ணீர்ச் சட்னி. பைக்குள் இருந்த பன் ஞாபகத்துக்கே வரவில்லை.

பிறகு மஞ்சள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, மொறுமொறுவென்று மடித்த ஒன்று. மொக்கராசு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, "ஆப்பமும் தோசையும் காதல் கல்யாணம் பண்ணிருக்கு" என்றான். சட்னியின் வாசம் பிடித்து, "கருவாட்டுத் தண்ணி சேர்த்திருக்கு. ஆனா கருவாடுன்னு சொல்ல முடியாது" என்றான். கடைசியில் ஃபோ வந்தது. கோழிச் சூப்பு தெளிவாக, ரசம்போல. பட்டை வாசம், சுட்ட இஞ்சி வாசம். மொக்கராசு ஒரு வாய் குடித்தான். பேசவில்லை. இன்னொரு வாய் குடித்தான். அதற்கும் பேசவில்லை. 'பரவால்ல' வரும் என்று நானும் ஸ்டெல்லா அக்காவும் காத்திருந்தோம். அதுவும் வரவில்லை. கிண்ணத்தைத் தூக்கி அப்படியே வாயில் கவிழ்த்துவிட்டான்.

எனக்குத்தான் இரண்டு விஷயம் உறுத்தியது. இலையைப் பார்த்தால் ஆள் மனசைச் சொல்லிவிடுகிறவன் நான், வேலை பார்த்த கண் சும்மா இருக்குமா? முதலாவது, பக்கத்து மேஜையில் நான்கு காலேஜ் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்தார்கள். சந்தோஷமாகத்தான் எழுந்தார்கள். "சூப்பர்க்கா, வாரோம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லான் உடனே ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள். எழுதும்போது முகம் வாடியிருந்தது. இரண்டாவது, சமையலறைக்குள் இருந்த பானை. அன்றைக்கு வந்தது மொத்தம் ஏழு பேர். அந்தப் பானையில் இருபது பேருக்குச் சூப்பு இருந்தது.

இவ்வளவு நல்ல சாப்பாட்டை ஏன் நிறுத்துகிறாள்? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

4. நோட்டில் இருந்த வார்த்தை

சொட்டுச் சொட்டாக வடிகிற காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

"வாரேன் புள்ள" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"வாரேன் தங்கச்சி" என்றான் மொக்கராசு.

"வாரேன்மா" என்றேன் நான்.

லான் நோட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். பிறகு மூடிவிட்டாள்.

"வேண்டாம்ண்ணே. நீங்களும் வர மாட்டீங்க. சும்மா சொல்லாதீங்க."

போட்ட செருப்போடு திரும்பினேன். "என்னம்மா சொல்ற?"

"எல்லாரும் வாரேன்னு சொல்றாங்க. அடுத்த ஞாயிறு அவங்களுக்கும் சேர்த்து சூப் வைக்கிறேன். கோழி வாங்குறேன். யாரும் வரல. நாலு மாசம் ஆச்சு. என் கை சரியில்ல. மதுரைல எல்லாரும் நல்லவங்க, முகத்துக்கு நேரா நல்லா இல்லன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நானே புரிஞ்சுக்கிட்டேன். அதான் நிறுத்துறேன்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். சாப்பிட வருகிறவர்கள் போனில் சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும் என்பதால் பெயரும் நம்பரும் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவள் ஊர் எழுத்தில் ஒரே வார்த்தை. என்ன என்று கேட்டேன். "வாரேன்" என்றாள். பக்கம் பக்கமாக வாரேன், வாரேன், வாரேன். முப்பத்தொரு இடத்தில்.

வழக்கமாக இப்படி ஒன்று நடந்தால் மொக்கராசு விழுந்து விழுந்து சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. வாசலில் போட்ட செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"தங்கச்சி, நான் முப்பது வருஷமா அடுப்படியில நிக்குறேன். நீ வச்ச சூப்பு மாதிரி நான் ஒரு நாளும் வச்சதில்ல. இது சத்தியம்."

அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஸ்டெல்லா அக்கா லானை நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னார். "இந்தா பாரு புள்ள. வாரேன்னா இங்க வர்றேன்னு அர்த்தம் இல்ல. கெளம்புறேன்னு அர்த்தம்."

"கெளம்புறவங்க 'போறேன்'னுதானே சொல்லணும்?"

"போறேன்னு சொல்லக் கூடாது. அது ஆகாது. எழவு வீட்டுலகூட அந்த வார்த்த சொல்ல மாட்டோம், பேசாமக் கெளம்பிருவோம். மத்த எடத்துல எல்லாம் வாரேன்தேன். பஸ் கண்டக்டர்ட்ட சில்லற வாங்கிட்டு எறங்குறவன்கூட வாரேன்னு சொல்லிட்டு எறங்குவான். மறுபடி அந்த பஸ்ல ஏறவா போறான்?"

லான் நோட்டைத் திரும்ப வாங்கி ஒரு பக்கத்தைப் பார்த்தாள். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள். "அப்ப செல்வம்? செல்வம் ஆம்பூர் போறப்பல்லாம் வாரேன்னு சொல்றார். ரெண்டு வாரத்துல வந்துடுறாரே?"

அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். அவன் சொன்னால் வந்துவிடுகிறான். அதனால் மதுரையில் எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

"அடியே, அவன் புருஷன். வராம எங்கடி போவான்?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

முதலில் லான் சிரித்தாள். பிறகு நாங்கள் மூன்று பேரும். சிரிப்புக்கு நடுவில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

"அப்ப, சாப்பாடு நல்லா இருந்துச்சா எல்லாருக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அவங்களத்தான் கேக்கணும். அந்த நோட்ட என்கிட்டக் குடும்மா."

5. போன் போட்டது

என் வாழ்க்கையில் நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட ஒரே வேலை இதுதான். திங்களும் செவ்வாயும் முப்பத்தொரு பேருக்கும் போன் போட்டேன். என்ன பேசவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனாலும் முதல் இரண்டு போனில் எதிர்முனையில் எடுத்ததும் கட் செய்துவிட்டேன்.

மூன்றாவது ஆள் ஒரு பேங்க்காரர். "சார், நீங்க ஆடி மாசத்துல வியட்நாம் சாப்பாடு சாப்பிட்டுட்டு, வாரேன்னு சொல்லிட்டுப் போனீங்களாம். அந்தப் பொண்ணு அடுத்த வாரம் உங்களுக்குச் சூப்பு வச்சுட்டு உக்காந்திருந்துச்சு சார்."

"எனக்காகவா?" என்றார்.

"உங்களுக்கும், உங்க வீட்டம்மாவுக்கும். ரெண்டு பேருக்கும் கோழி வாங்கிருக்கு சார்."

"அய்யய்யோ... சாப்பாடு நல்லாத்தாங்க இருந்துச்சு. மாசத்துக்கு ஒரு நாள்தான் வெளிய சாப்பிடுவோம். அப்புறம் மறந்தே போச்சு."

கிட்டத்தட்ட எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். சாப்பாட்டைக் குறை சொன்னது ஒரே ஒருவர், அவரும் காபி வடிய நேரமாகிறது என்றுதான் சொன்னார். வருகிற ஞாயிறு வாருங்கள் என்று கூப்பிட்டேன். முப்பத்தொரு பேரும் வாரேன் என்றார்கள். நான் விடுவேனா? என் பழைய கணக்கைப் போட்டேன். 'கண்டிப்பா' என்றவர்களைக் கழித்தேன். 'குடும்பத்தோட' என்றவர்களை ஒன்றாக்கினேன். எத்தனை மணிக்கு என்று கேட்டவர்களை மட்டும் முழுசாக எடுத்தேன். பதினோரு தலை வந்தது. லானிடம் பதினாறு பேருக்கு நூடுல்ஸ் ஊறவைக்கச் சொன்னேன். அவளிடம் இருந்ததும் அவ்வளவுதான், சென்னையிலிருந்து வரவேண்டிய சரக்கு.

வெள்ளிக்கிழமை அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். லானுக்குப் போன் போட்டு, "சூப்பு மட்டும் பெரிய பானை ரெண்டுலயும் வச்சுரும்மா" என்றேன்.

"எதுக்குண்ணே? பதினாறு பேர்தானே?"

"எதுக்குன்னு தெரியல. வை."

6. பத்தாமல் போன ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முதல் கார் வந்தது. பேங்க்காரர், மனைவி, மச்சினன், மச்சினன் பிள்ளைகள் இரண்டு. அடுத்து காலேஜ் பிள்ளைகள் ஆறு பேர். அடுத்து ஒரு மிஷன் ஸ்கூல் டீச்சர், கூடவே ஸ்டாஃப் ரூமில் பாதி. 'கண்டிப்பா வாரேன்' என்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். என் கணக்குப்படி அது நடக்கவே கூடாது.

ஒன்றரை மணிக்கு எண்ணினேன். முப்பத்தெட்டுத் தலை. ஹாலில், வாசலில், எதிர்வீட்டு வேப்பமரத்தடியில். பதினாறு பேர் சாப்பிட்டாகிவிட்டது. சமையலறைக்குள் போனேன். லான் நூடுல்ஸ் வைத்திருந்த பாத்திரத்தை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். காலி.

ஹாலில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேர் முன்னாலும் வெறும் கிண்ணம். எனக்கு டி. கல்லுப்பட்டி ஞாபகம் வந்துவிட்டது. நாற்பது இலை, வெள்ளைச் சோறு, அந்தப் பெரியவர். பின்வாசல் திறந்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வழியாகப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். அந்தக் காண்ட்ராக்டர் ஏன் ஸ்டோர் ரூமுக்குள் போனார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆனால் இங்கே நான் ஒளிந்தால் முன்னால் போய் நிற்கவேண்டியது லான். போன் போட்டு இத்தனை பேரைக் கூப்பிட்டது நான்.

ஹாலுக்கு வந்து நின்றேன். முப்பது வருஷமாக வாயிலிருந்து வரவிடாமல் வைத்திருந்த வார்த்தையைச் சொன்னேன்.

"பத்தல."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நூடுல்ஸ் பத்தல. தப்பு என் மேலதான். நீங்க வர மாட்டீங்கன்னு கணக்குப் போட்டுட்டேன்."

பிள்ளைகளை முதலில் சாப்பிட விட்டுவிட்டு, தான் இன்னும் சாப்பிடாமல் இருந்த பேங்க்காரர்தான் முதலில் சிரித்தார். "அண்ணே, அந்தம்மா எங்களுக்காக எத்தன ஞாயிறு காத்திருந்துச்சு? நாங்க ஒரு அரை மணி நேரம் இருக்க மாட்டோமா?"

"சூப்பு இருக்குல்ல?" என்று ஒரு பையன் கத்தினான். "அது போதும்ணே!"

உள்ளே திரும்பினால் மொக்கராசு ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். மஞ்சள் தோசைக்கு வைத்திருந்த அரிசி மாவுப் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தான்.

"தங்கச்சி, வெந்நி வை. அக்கா, வீட்டுல இடியாப்ப ஒரல் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"அரிசி மாவுல பண்ணுனா அவுக ஊர்ல ஃபோ நூடுல்ஸு, நம்ம ஊர்ல இடியாப்பம். ரெண்டும் பங்காளிதேன். ஓடுங்க!"

ஸ்டெல்லா அக்கா அந்த வயசில் ஓடி நான் பார்த்ததில்லை. கொண்டையில் இன்றைக்கும் இரண்டு குச்சி. உரல் வந்தது, இட்லிப் பானை வந்தது. மொக்கராசு பிழிந்தான், லான் வேகவைத்தாள். இடியாப்பம் வேகிற வரைக்கும் போன வாரம் அவன் தப்பாகப் பொரித்த அதே அரிசித்தாளைக் கூடை கூடையாகப் பொரித்து வேப்பமரத்தடிவரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முழங்கால் வலி தெரியவில்லை. "இந்த அப்பளத்துக்குப் பேரு என்னண்ணே?" என்று கேட்டார்கள். "மொக்கராசு அப்பளம்" என்றேன்.

இடியாப்பத்தைக் கிண்ணத்தில் வைத்து, மேலே கோழி, பச்சிலை, தெளிந்த சூப்பு. லான் முதல் கிண்ணத்தை ருசி பார்த்துவிட்டு அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விட்டாள். இரண்டாவது பானையின் அடி தெரிகிற நேரத்தில் முப்பத்தெட்டுப் பேரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சிலர் மறு தடவை இடியாப்பமே கேட்டார்கள்.

நடுவில் லான் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "அண்ணே, வெளிய நின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, பத்தல. அது கெட்ட வார்த்தையா? உங்க முகம் அப்படி இருந்துச்சு."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன். "கெட்ட வார்த்த இல்ல. வந்தவங்க அதிகம்னு அர்த்தம்."

நோட்டைப் பிரித்து அவள் ஊர் எழுத்தில் அதையும் எழுதிக்கொண்டாள்.

7. கடைசிப் பந்தி

எல்லாரும் கிளம்பினார்கள். "வாரேன்க்கா", "வாரோம்க்கா" என்று வரிசையாக. லான் வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்று, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டாள்.

"எப்ப?"

மதுரையில் வாரேன் என்று சொன்னவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் முழித்தார்கள். பிறகு சிரித்துக்கொண்டே நாள் சொன்னார்கள். சிலர், "இது கெளம்புற வாரேன்க்கா" என்று உண்மையை ஒத்துக்கொண்டார்கள். அதற்கும் அவள் சிரித்தாள். அதை எழுதவில்லை. நிறுத்துகிற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவே இல்லை.

தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். கணக்குப் போடுங்கள், போடாமல் இருக்காதீர்கள். சூப்போ சாம்பாரோ, ஒரு பானை கூடவே வையுங்கள். என்ன செய்தாலும் ஒரு நாள் பத்தாமல் போகும். அன்றைக்கு ஸ்டோர் ரூம் கதவைத் தேடாதீர்கள். பந்திக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்து சொல்லுங்கள். பசியோடு உட்கார்ந்திருக்கிறவனும் மனுஷன்தான். சொன்னால் காத்திருப்பான். அந்த மூன்றாம் பந்தியில் யாராவது ஒருத்தர் வந்து சொல்லியிருந்தால், அந்தப் பெரியவரும் அப்படியே உட்கார்ந்து சாம்பாருக்காகக் காத்திருந்திருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அன்றைக்குக் கடைசியாக நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். ஆமாம், நானும் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். பானையில் மிச்சம் இருந்த சூப்பு, உதிர்ந்த இடியாப்பம், உடைந்த அப்பளம். மொக்கராசு ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவால்ல" என்றான். ஸ்டெல்லா அக்கா கொண்டையிலிருந்து குச்சியை உருவி அவன் தலையில் ஒரு போடு போட்டார். "அது நீயே புழிஞ்சதுடா!"

கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாரேன்மா" என்றேன். லான் தலையை ஆட்டினாள். நோட்டைத் தொடவில்லை. எனக்கு உடனே பதட்டம் வந்துவிட்டது.

"என்னம்மா, எழுதலையா?"

"எதுக்குண்ணே எழுதணும்?" என்றாள். "அடுத்த ஞாயிறு காலைல ஒன்பது மணிக்கே வந்துடுங்க. எத்தனை பேருக்கு ஊறவைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."